மாம்பழம் வைத்த டோஸ்ட்: ரொட்டி நமத்துப் போகாமல் செய்வது எப்படி?

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம். ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 15 பேர் கூடுகிறோம், பழைய அலுவலகக் கூட்டம், குடும்பத்தோடு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிரியாணி சொல்லியாகிவிட்டது. அதற்கு முன்னால் கையில் எடுத்து இரண்டு கடியில் முடிக்கிற மாதிரி ஒன்று வேண்டும். இந்த மே மாத சென்னை வெயிலில் பஜ்ஜி, கட்லெட் என்று எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க என்னால் முடியாது. இத்தாலிக்காரர்கள் ரொட்டியைச் சுட்டு மேலே தக்காளி வைத்து புருஷெட்டா என்று தருவார்களே, அதையே மாம்பழத்தில் செய்யலாம் என்று இருக்கிறேன். பங்கனப்பள்ளி வீட்டில் ஒரு பெட்டி கிடக்கிறது, தீர்க்கவும் வேண்டும்.

பயம் என்னவென்றால், இதே போல ஒன்றை ஒரு கல்யாண வரவேற்பில் சாப்பிட்டேன், கையில் எடுத்தவுடன் ரொட்டி நடுவில் தொங்கிப்போய் பழமெல்லாம் புடவையில் விழுந்தது. அப்படி ஆகக்கூடாது. வீட்டில் ஓவன் கிடையாது, தோசைக்கல்லும் ஒரு பழைய டோஸ்டரும்தான். வருகிறவர்களில் இரண்டு பேர் சுத்த சைவம், கடைச் சீஸ் தொடமாட்டார்கள், பாலைத் திரிக்க அதில் போடும் ரென்னெட் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுப்பதாக இருக்கலாம் என்று. மாமனாருக்குச் சர்க்கரை உண்டு, ஆனால் தட்டைப் பார்த்தால் கை நீளும்.

எந்த பிரட் வாங்குவது, நடுவில் என்ன தடவுவது, எவ்வளவு நேரம் முன்னாலேயே செய்து வைக்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவை_ரொட்டி எழுதியது:

முதலில் பிரட் விஷயத்தை முடித்துக்கொள்ளுங்கள், பழமெல்லாம் அப்புறம். நாம் வழக்கமாக வாங்கும் மில்க் பிரட் இதற்குச் சுமார்தான். அதில் சர்க்கரையும் பாலும் இருப்பதால் மேல்பக்கம் சட்டென்று சிவந்துவிடும், சிவந்துவிட்டதே என்று நாமும் எடுத்துவிடுவோம், ஆனால் உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். ஆற ஆற அந்த ஈரம் மெல்ல வெளியே நகர்ந்து மேல்பக்கத்தையும் மெத்தென்று ஆக்கிவிடும். பழச்சாறு ஒரு சொட்டு படாமலே நமத்துப்போகிற டோஸ்ட் இது. நீங்கள் வரவேற்பில் சாப்பிட்டதும் இப்படித்தான் இருந்திருக்கும், பாவம் மாம்பழத்தின் மேல் பழி.

மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் இவ்வளவுதான் போட்ட ரொட்டி வேண்டும். எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பழக்கம் விடாமல் இருப்பதால் பாகெட் என்கிற நீள ரொட்டி சாதாரணமாகக் கிடைக்கும். சென்னையிலும் கொஞ்சம் பெரிய பேக்கரியில் கேட்டால் இருக்கும். சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள், அன்றன்று சுட்ட ரொட்டி கத்திக்கு அடங்காமல் நசுங்கும், ஒரு நாள் போனால் அழகாக வெட்ட வரும், சீக்கிரம் காயவும் செய்யும். சாய்வாக, ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டுங்கள். ஒரு முழு நீள பாகெட்டில் 25 முதல் 30 துண்டு தேறும். ஆளுக்கு மூன்று என்றால் உங்களுக்கு 45, ஆகவே இரண்டு வாங்கினால் போதும், உடைந்தது போக மிச்சம் கொறிக்க.

ஓவன் இல்லாதது ஒரு குறையே இல்லை. கனமான இரும்புத் தோசைக்கல் இருந்தால் அடுப்பைச் சிம்மில் வைத்து, எண்ணெய் எதுவும் விடாமல், ஒவ்வொரு பக்கமும் ஐந்து நிமிடம் பொறுமையாக விடுங்கள். நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், நகத்தால் தட்டினால் டொக் டொக்கென்று கேட்க வேண்டும், அதுதான் கணக்கு. டோஸ்டரை விட்டுவிடுங்கள், அது நிறம் மட்டும்தான் கொடுக்கும். சூடாக இருக்கும்போதே பாதியாக வெட்டிய பூண்டுப்பல்லால் மேலே ஒரே ஒரு இழுப்பு, இத்தாலியில் செய்கிற மாதிரி. மாம்பழத்துக்குப் பூண்டா என்று முகம் சுளிக்காதீர்கள், மணம்தான் இருக்கும், ருசி தூக்காது.

கடைசியாக ஒன்று. சென்னையில் சாயங்காலம் கடல்காற்று எடுத்தால் காற்றிலேயே ஈரம், திறந்து வைத்த முறுக்கே நமக்கும்போது டோஸ்ட் எம்மாத்திரம். நன்றாக ஆறவிட்டு, ஆறின பிறகுதான், இறுக்கமான ஸ்டீல் டப்பாவில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து எல்லாம் வீண். இப்படி வைத்தால் காலையில் சுட்டதை சாயங்காலம் தைரியமாக எடுக்கலாம்.

மாங்கொட்டை எழுதியது:

பிரட் பற்றி மேலே சொன்னது சரி. நான் பழத்துக்கு வருகிறேன், என் அபிப்பிராயத்தில் இதில் பாதிப் பேர் கோட்டை விடுவது பழத்தை அதிகமாகப் பழுக்க விடுவதில்தான்.

தட்டில் வெட்டிச் சாப்பிட எந்தப் பக்குவம் நமக்குப் பிடிக்குமோ அதற்கு ஒரு நாள் முந்தின பக்குவம் வேண்டும். காம்புப் பக்கம் மணம் வந்திருக்க வேண்டும், அழுத்தினால் லேசாகத்தான் கொடுக்க வேண்டும். பங்கனப்பள்ளி இதற்குப் பொருத்தமான பழம், நார் இல்லை, சதை கெட்டி, கத்தியில் சுத்தமாக வெட்டுப்படும். சின்னரசம் உறிஞ்சிச் சாப்பிடப் பிறந்தது, அதை நறுக்கப் போகாதீர்கள். இமாம்பசந்தை ரொட்டி மேல் வைப்பது பாவம், அதைத் தனியாக ஒளித்து வைத்துச் சாப்பிடுங்கள்.

பங்கனப்பள்ளி மட்டும் போட்டால் வெறும் தித்திப்பாக, ஜாம் தடவின பிரட் போல் ஆகிவிடும். அதனால் மூன்று பங்கு பங்கனப்பள்ளிக்கு ஒரு பங்கு செங்காயாக இருக்கிற கிளிமூக்கு சேர்த்துக்கொள்ளுங்கள். பீச்சில் உப்பு, மிளகாய்த்தூள் தூவி விற்பார்களே, அந்தப் பக்குவம். நறுக்கென்ற கடியும் புளிப்பும் அதிலிருந்து வரும். இரண்டையும் சுண்டல் கடலை அளவுக்கு நறுக்குங்கள், பெரிய துண்டு உருண்டு விழும், ரொம்பப் பொடியாக நறுக்கினால் சாறு விடும். 45 துண்டுக்கு மொத்தம் ஒன்றரை கிலோ மாம்பழம் வாங்கினால் தோல், கொட்டை போகச் சரியாக வரும். சின்ன வெங்காயம் பத்து பன்னிரண்டு பொடியாக நறுக்கித் தண்ணீரில் அலசிப் பிழிந்தது, விதை எடுத்த பச்சை மிளகாய் ஒன்று, புதினா ஒரு கைப்பிடி, வறுத்துப் பொடித்த சீரகம் அரை ஸ்பூன், கொரகொரப்பாக இடித்த மிளகு.

உப்பும் எலுமிச்சைச் சாறும் மட்டும் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான். உப்பு பட்ட நிமிடத்திலிருந்து பழம் தண்ணீர் விட ஆரம்பிக்கும், ஊறுகாய்க்கு மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால் காலையில் ஜாடியில் நிற்கிறதே, அதே சமாசாரம்தான். கலந்தபின் ஒரு வடிகட்டியில் கொட்டி ஒரு தடவை உதறிவிட்டு வையுங்கள். வடிந்த சாற்றைக் கீழே ஊற்றாதீர்கள், சோடா ஊற்றிக் குடித்தால் அமிர்தம்.

நடுவில் தடவக் கெட்டித் தயிர். சீஸ் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது. ஒரு லிட்டர் புளிக்காத கெட்டித் தயிரை வெள்ளை மல் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் பாத்திரம் வைத்து ஃபிரிட்ஜுக்குள்ளேயே ராத்திரி முழுக்க விடுங்கள். குழாயில் தொங்கவிட்டால் இந்த வெயிலில் காலைக்குள் புளித்துவிடும். கிட்டத்தட்ட பாதி தண்ணீராக வடிந்து, மிச்சம் வெண்ணெய் மாதிரி தடவ வரும். அதில் உப்பும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் அடித்துக்கொண்டால் ரொட்டிக்கும் பழத்துக்கும் நடுவில் ஒரு சுவர் மாதிரி நிற்கும், சாறு கீழே இறங்காது. வடிந்த தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையலாம்.

எடிசன்_அடுக்களை எழுதியது:

நியூ ஜெர்சியிலிருந்து. எங்களுக்கு மாம்பழம் பெட்டி விலையைப் பார்த்தாலே வயிறு எரியும், அதனால் ஜூலை, ஆகஸ்டில் உள்ளூர்ப் பீச் பழம் வரும்போது இதைத்தான் அடிக்கடி செய்வேன். முறை ஒன்றுதான், பழம்தான் வேறு. மஞ்சள் சதைப் பீச்சில் புளிப்பு உண்டு, வெள்ளைச் சதையில் குறைவு, ஆகவே இதற்கு மஞ்சள். கொட்டை தனியாகக் கழன்று வருகிற ரகமாகப் பார்த்து வாங்கினால் நறுக்கும்போது சிரமப்பட வேண்டாம். தோல் பிடிக்காதவர்கள் கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிடம் போட்டு உடனே ஐஸ் தண்ணீரில் போட்டால் கையாலேயே உரிந்து வரும். இரண்டாக வெட்டி, வெட்டின பக்கம் கீழே இருக்கும்படி சூடான கல்லில் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால் கொஞ்சம் கருகி, சர்க்கரை பாகாகி, வேறு லெவலில் இருக்கும். உங்கள் கெட்டிப் பங்கனப்பள்ளியிலும் இது நன்றாக வரும், கொட்டைக்கு இரண்டு பக்கமும் வெட்டி எடுத்த கன்னத்தை முழுசாகச் சுட்டு அப்புறம் நறுக்குங்கள். எனக்கு அந்தப் புகை வாசனை இல்லாமல் பழ டோஸ்ட் பாதி டோஸ்ட்தான்.

தயிருக்குப் பதில் நான் பால் திரித்துச் செய்கிற சீஸ்தான் வைப்பேன், தயிர்ப் புளிப்பு பழத்தை அமுக்கிவிடுகிறது என்பது என் கட்சி. அங்கே ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, அதில் ஒரு லிட்டரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, எலுமிச்சைச் சாறு இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் திரிந்துவிடும். பன்னீருக்குச் செய்வது போல் கல்லைத் தூக்கி மேலே வைக்காமல், பத்து நிமிடம் வடிந்ததும் எடுத்து, உப்பும் ஒரு கரண்டி ஏடும் போட்டு மிக்ஸியில் ஒரே சுற்று. ரிக்கோட்டா என்கிற இத்தாலிய மெத்துச் சீஸைக் கடையில் வாங்கத் தேவையே இல்லை, ரென்னெட்டும் இல்லை.

மேலே விட இங்கே பால்சாமிக் வினிகரைப் பாதியாகச் சுண்டவைத்து ஊற்றுவார்கள். அது இல்லையென்றால் புளிக்கரைசலில் வெல்லம் போட்டு, ஒரு சிட்டிகை சுக்குத்தூளோடு தேன் பதத்துக்குச் சுண்டக் காய்ச்சிச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள்.

மாங்கொட்டை எழுதியது:

புளி வெல்லப் பாகா? அப்புறம் மேலே கொஞ்சம் ஓமப்பொடி தூவி பேல் பூரி என்று பெயர் வைத்துவிடலாம். மாம்பழத்தில் ஏற்கெனவே தித்திப்பும் புளிப்பும் இருக்கிறது, அதன் மேல் இன்னொரு தித்திப்புப் புளிப்பு எதற்கு? பீச்சுக்குச் சரி, அது பெரும்பாலும் தண்ணீர். திரித்த பால் யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் மே மாத மொட்டை மாடியில் வாயில் சில்லென்று படுவது தயிர்தான்.

சும்மா_வந்தேன் எழுதியது:

கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், மாம்பழத்தை நறுக்கித் தட்டில் வைத்து முள்கரண்டி குத்திக் கொடுத்தால் 15 பேரும் சந்தோஷமாகச் சாப்பிடமாட்டார்களா? எதற்கு ரொட்டியைக் காயவைத்து, தயிரை ராத்திரியெல்லாம் கட்டித் தொங்கவிட்டு...

புதுவை_ரொட்டி எழுதியது:

சாப்பிடுவார்கள். அப்புறம் பிரியாணி வரும்போது வாயெல்லாம் இனிப்பாக இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் வைப்பது பசியைக் கிளப்ப வேண்டும், அதற்கு உப்பு, காரம், மொறுமொறுப்பு மூன்றும் வேண்டும், பழம் அதோடு சேர்ந்து வரலாம். நீங்கள் சொல்கிறதைப் பிரியாணிக்குப் பிறகு வையுங்கள், நானும் வருகிறேன்.

யாழ்_அடுப்படி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கட பக்கம் பிரட்டைப் பாண் என்போம், அதில் ரோஸ் பாண் என்று ஒன்று பேக்கரியில் வரும், தட்டையாக, மேலும் கீழும் மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு குறைவு. இந்த அலுவலுக்கு அதைவிடத் தோதான பாண் இல்லை. அச்சுப் பாண் என்றால் கரையை வெட்டிப்போட்டு, நாலாகக் கீறி, மெல்லிய நெருப்பில் கனநேரம் வாட்ட வேணும். சென்னையில் பாகெட் கிடைக்காவிட்டால் சாதாரணப் பிரட்டையும் இப்படியே செய்து பாருங்கோ, கடையில் சர்க்கரை குறைந்ததாகக் கேட்டு வாங்குங்கோ.

இங்கே வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் குவியும். தோல் பச்சையாகவே நிற்கும், உள்ளே செம்மஞ்சள், சாறு கூட. அதனால் நான் நறுக்கி நேரே வைப்பதில்லை, சீவல் சீவலாக வெட்டி, ஒரு சுத்தமான துணியில் பரவி கொஞ்ச நேரம் விட்டுத்தான் எடுப்பேன். மேலே செத்தல் மிளகாயை (காய்ந்த மிளகாய்) வறுத்து இடித்த தூளும் உப்பும், தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) இரண்டு சொட்டு. தயிரும் இல்லை, சீஸும் இல்லை, பாணில் நல்ல தேங்காயெண்ணெய் பூசிச் சுடுவேன், அதுவே தடுப்பு மாதிரி நிற்கும். மாம்பழத்துக்கும் தேங்காயெண்ணெய் மணத்துக்கும் நல்ல பொருத்தம். ஆலிவ் எண்ணெய்க்குக் காசு கொட்ட வேண்டாம். ஒன்று மட்டும், எண்ணெய் பூசிச் சுட்ட பாணை ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது, தேங்காயெண்ணெய் உறைந்து மெழுகு மாதிரி வாயில் ஒட்டும்.

மொட்டைமாடி எழுதியது:

ஆகா, இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. பாகெட் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை வாங்கிக்கொள்கிறேன். கிளிமூக்கு தெருமுனைத் தள்ளுவண்டியிலேயே இருக்கிறது. தயிரா திரித்த பாலா என்று வீட்டில் ஓட்டு எடுத்ததில் தயிர் ஜெயித்தது, எடிசன் தோழி மன்னிக்கவும், ஆனால் பழத்தைச் சுட்டு நறுக்குவதை ஒரு பாதிக்குச் செய்து பார்க்கப் போகிறேன்.

இரண்டு கேள்வி மிச்சம். எல்லாவற்றையும் அடுக்கித் தட்டில் வைத்துவிட்டால் எவ்வளவு நேரம் தாங்கும், ஏழு மணிக்கு வரச்சொன்னால் நம் ஆட்கள் எட்டுக்குத்தான் வருவார்கள். அப்புறம் மாமனார்.

புதுவை_ரொட்டி எழுதியது:

அடுக்கி வைக்கவே வைக்காதீர்கள். டோஸ்ட் டப்பா, தயிர்க் கிண்ணம், பழக் கிண்ணம் மூன்றையும் தனித்தனியாக வைத்து, ஆள் வந்து உட்கார்ந்ததும் பதினைந்து பதினைந்தாகச் செய்து கொடுங்கள். ரெண்டு பிள்ளைகளை உட்காரவைத்தால் ஒருத்தர் தடவ ஒருத்தர் வைக்க ஐந்து நிமிட வேலை. தயிர்ச் சுவர் இருந்தாலும் இருபது நிமிடம் தாண்டினால் கடி குறைய ஆரம்பிக்கும். தயிரையும் நறுக்கின பழத்தையும் மாடியில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், 32 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் அதுதான் எல்லை என்று உணவுப் பாதுகாப்பு விதிகளில் சொல்வார்கள், சென்னையில் மே மாதம் எட்டு மணிக்கும் கிட்டத்தட்ட அந்தச் சூடுதான். ஒரு பெரிய தாம்பாளத்தில் ஐஸ் கொட்டி அதன் மேல் கிண்ணங்களை வைத்தால் கவலை இல்லை.

மாங்கொட்டை எழுதியது:

மாமனாருக்குத் தனியாக ஒரு கிண்ணம்: கிளிமூக்கைச் செங்காயாக இல்லாமல் காயாகவே வாங்கி, அதே அளவு வெள்ளரிக்காயோடு நறுக்கி, மற்றதெல்லாம் அப்படியே. அவருக்கு மாம்பழத்தை மட்டும் பார்த்தால் போதாது, மைதா ரொட்டியும் சர்க்கரையை ஏற்றும், ஆகவே ஒன்றோடு நிறுத்திவிட்டு மிச்சத்தைத் தயிரோடு கிண்ணத்தில் ஸ்பூன் போட்டுக் கொடுங்கள். தனித் தட்டு என்று தெரியாமல் முதலில் அவருக்கே கொடுத்துவிட்டால் வம்பு இல்லை.

எடிசன்_அடுக்களை எழுதியது:

தயிர் ஜெயித்ததை ஏற்றுக்கொள்கிறேன், புளிப்பாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுட்ட மாம்பழம் முழுசாக ஆறினபிறகுதான் நறுக்க வேண்டும், சூட்டோடு நறுக்கினால் குழையும். புதினாவை முன்னாலேயே நறுக்கி வைத்தால் கறுக்கும், கையாலேயே கிள்ளிக் கடைசியில் போடுங்கள். ஞாயிறு முடிந்ததும் எது முதலில் காலியானது, சுட்டதா சுடாததா என்று இங்கே வந்து எழுதுங்கள், மாங்கொட்டையோடு ஒரு பந்தயம் இருக்கிறது.